ஊதினால் தெரியாத போதை: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

போதைப்பொருள் உட்கொண்டு வாகனம் ஓட்டுவோரைக் காவல்துறை எப்படிக் கண்டறிகிறது, பிடிபட்டவரை எப்படி நடத்த வேண்டும் என்று கேட்டு வந்த கடிதங்கள் இந்த இதழில் இடம்பெறுகின்றன. அரசு மருத்துவமனையில் தடய மருத்துவப் பணியாற்றி ஓய்வு பெற்ற மருத்துவர் பதிலளிக்கிறார்.

ஐயா, என் லாரி ஓட்டுநரை நள்ளிரவில் சோதனைச் சாவடி அருகே நிறுத்தி ஊதச் சொல்லியிருக்கிறார்கள். கருவி பூஜ்யம் காட்டியிருக்கிறது. அதன் பிறகும், "கஞ்சா அடித்திருக்கிறாய்" என்று சொல்லி அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய் இரத்தம் எடுத்திருக்கிறார்கள். கருவியே இல்லை என்று காட்டிய பின் இதற்குச் சட்டத்தில் இடம் உண்டா?
*லாரி உரிமையாளர், ஈரோடு*

இடம் உண்டு. நாம் ஊதும் கருவி மதுவை மட்டுமே அறியும். கஞ்சாவையோ தூக்க மாத்திரையையோ மெத்தாம்பெட்டமைனையோ அது காட்டாது. ஆகவே பூஜ்யம் என்பது "மது அருந்தவில்லை" என்பதற்கு மட்டுமே சான்று.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் பிரிவு 185 இரண்டு வேறு குற்றங்களைச் சொல்கிறது. முதலாவது மதுவைப் பற்றியது. 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் அது குற்றம். அவர் நிதானமாக நடந்தாரா, தள்ளாடினாரா என்பதெல்லாம் அங்கே கேள்வியே இல்லை. இரண்டாவது போதைப்பொருளைப் பற்றியது. அதற்குச் சட்டம் எந்த எண்ணையும் நிர்ணயிக்கவில்லை. வாகனத்தை முறையாகக் கட்டுப்படுத்த இயலாத அளவுக்கு ஒருவர் போதைப்பொருளின் பிடியில் இருக்க வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது. போதைப்பொருள் வழக்கு முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது. மது வழக்கில் கருவி தரும் சீட்டு பேசுகிறது. போதைப்பொருள் வழக்கில் அந்த இரவில் அந்த மனிதர் எந்த நிலையில் இருந்தார் என்று காவலரும் மருத்துவரும் கண்டு எழுதிவைத்த குறிப்புகள்தான் பேசுகின்றன. அவை சரியாக எழுதப்படாவிட்டால், உண்மையிலேயே போதையில் ஓட்டியவர் தப்பித்துக்கொள்வார், வெறும் உடல்நலக் குறைவால் தடுமாறியவர் மாட்டிக்கொள்வார்.

நடைமுறையைச் சொல்கிறேன். சீருடையில் உள்ள காவல் அலுவலர் தம் கண்முன் இக்குற்றம் நடந்தால் பிரிவு 202-இன்படி பிடியாணை இல்லாமலே கைது செய்யலாம். ஆனால் கைது செய்த இரண்டு மணி நேரத்துக்குள் பதிவு பெற்ற மருத்துவர் ஒருவர் அவரைப் பரிசோதித்தாக வேண்டும். இல்லையேல் அவரைக் காவலிலிருந்து விடுவித்துவிட வேண்டும் என்று அதே பிரிவு கட்டளையிடுகிறது. மூச்சுச் சோதனையையும் ஆய்வகச் சோதனையையும் பேசும் 203, 204 ஆகிய பிரிவுகள் மதுவை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. மூச்சில் மது தெரிந்தாலோ, ஊத மறுத்தாலோ இரத்தம் கேட்கலாம் என்றுதான் 204 சொல்கிறது. ஊதிப் பூஜ்யம் வந்தவர் விஷயத்தில் அது நேராகப் பொருந்துவதில்லை. அத்தகையவரிடம் இரத்தமும் சிறுநீரும் எடுப்பதற்கு, கைதானவரை மருத்துவர் பரிசோதிக்க வழி செய்யும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 51-தான் காவல்துறைக்குத் துணை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது பிரிவு 53 ஆக இருந்தது. உங்கள் ஓட்டுநரின் வழக்கறிஞரிடம், கைது செய்த நேரம், மருத்துவர் பார்த்த நேரம், காவலர் கொடுத்த கோரிக்கைக் கடிதம், மருத்துவரின் குறிப்பு ஆகியவற்றின் நகல்களை முதலில் பெறச் சொல்லுங்கள். இரத்தத்தில் என்ன இருந்தது என்பதைப் பார்க்கும் முன்பே இந்தத் தாள்கள் வழக்கின் பலத்தைச் சொல்லிவிடும்.

ஓட்டுநர் போதையில் இருப்பதை அறிந்தே உரிமையாளர் வண்டியை எடுக்கச் சொல்லியிருந்தால், பிரிவு 188-இன்படி உடந்தையானவருக்கும் அதே தண்டனைதான் என்பதையும் உங்களுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

கண்ணைப் பார்த்தே இன்ன போதை என்று காவலர்கள் சொல்லிவிடுவார்கள் என்கிறார்களே, உண்மையா?
*கல்லூரி ஆசிரியை, திண்டுக்கல்*

பாதி உண்மை. கண் நிறையச் சொல்லும். தனியாக எதையும் முடிவு செய்யாது.

இந்த முறைக்கு ஒரு வரலாறு உண்டு. 1970-களில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரக் காவலர்கள் ஒரு சிக்கலைக் கண்டார்கள். தாறுமாறாக வண்டி ஓட்டிப் பிடிபட்ட பலர் மூச்சுச் சோதனையில் மிகக் குறைந்த அளவோ பூஜ்யமோ காட்டினார்கள். ஆனால் அவர்களால் நேராக நிற்கக்கூட முடியவில்லை. போக்குவரத்துப் பிரிவினரும் போதைப்பொருள் தடுப்புப் பிரிவினரும் மருத்துவர்களைக் கலந்து, படிப்படியான ஒரு பரிசோதனை முறையை வகுத்தார்கள். 1979-இல் அந்நகரக் காவல்துறை அதை முறைப்படி ஏற்றுக்கொண்டது. இன்று அது 12 படிகளைக் கொண்டது. போதைப்பொருள்களை ஏழு வகைகளாகப் பிரிக்கிறது. அதில் பயிற்சி பெற்றுச் சான்று வாங்கிய காவலர் நீதிமன்றத்தில் தம் கருத்தைச் சொல்லலாம். நம் நாட்டுச் சட்டமோ அந்தப் பொறுப்பை மருத்துவரிடம் கொடுத்திருக்கிறது. காவலர் தாம் கண்டதைச் சொல்லலாம். நிபுணர் கருத்தைத் தர வேண்டியவர் மருத்துவரும் தடய அறிவியல் ஆய்வகமும்தான்.

கண்டறிதல் வண்டி ஓடும்போதே தொடங்கிவிடுகிறது. இரவில் முகப்பு விளக்குப் போடாமல் வருவது, வலது ஓரத்தில் தேவையின்றி மிக மெதுவாகப் போவது, பச்சை விளக்கு எரிந்த பின்னும் அசையாமல் நிற்பது, சாலைக் கோட்டின் மேலேயே வண்டியை ஓட்டிக்கொண்டு வருவது ஆகியவற்றைக் காவலர் கவனிக்கிறார். நிறுத்திய பின், அனுபவமுள்ள காவலர் ஒரு சிறு சோதனையை ஓட்டுநர் அறியாமலே செய்துவிடுவார். "உரிமத்தையும் ஆர்.சி.யையும் எடுங்கள்" என்பார், அவர் பையில் துழாவிக்கொண்டிருக்கும்போதே, "எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள், எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள்" என்று கேட்பார். தெளிவாக இருப்பவர் இரண்டையும் ஒருசேரச் செய்வார். போதையில் இருப்பவர் பதில் சொல்லத் தொடங்கியதும் தாளைத் தேடுவதை மறந்துவிடுவார். அல்லது உரிமத்தை மட்டும் நீட்டிவிட்டு எல்லாம் கொடுத்துவிட்டதாக நினைப்பார். வாகனம் ஓட்டுவது என்பதே ஒரே நேரத்தில் பலவற்றில் கவனம் வைப்பதுதான் என்பதால், இந்தச் சோதனையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இப்போது கண்ணுக்கு வருவோம். பேனா ஒன்றை முகத்துக்கு நேராக ஓர் அடி தள்ளிப் பிடித்து மெதுவாகப் பக்கவாட்டில் நகர்த்தி, தலையைத் திருப்பாமல் கண்ணால் மட்டும் பின்தொடரச் சொல்வோம். மது, தூக்க மாத்திரை, முகர்ந்து போதையேற்றும் கரைப்பான்கள், கெட்டமின் ஆகியவை உடலில் இருந்தால் விழி வழுக்கிக்கொண்டு போகாமல் வெட்டி வெட்டி நகரும். கஞ்சாவிலும் அபின் வகைப் பொருள்களிலும் மெத்தாம்பெட்டமைன், கொக்கேன் போன்ற ஊக்க மருந்துகளிலும் இந்த வெட்டு பொதுவாக வராது. ஆக, மூச்சில் மது பூஜ்யம், விழியில் வெட்டு என்றால் தூக்க மாத்திரை போன்ற ஒன்றை நினைக்க வேண்டும். அதே பேனாவை மூக்கின் நுனிக்குக் கொண்டுவந்தால் இரு விழிகளும் உள்நோக்கிக் குவிய வேண்டும். கஞ்சா உட்கொண்டவருக்குப் பல நேரங்களில் அவை குவிவதில்லை. அவர் கண்கள் சிவந்திருக்கும், நாடி விரைவாக ஓடும், வாய் உலர்ந்திருக்கும். ஹெராயினோ, இன்று இளைஞர்களிடம் தவறாகப் புழங்கும் டேபென்டடால் போன்ற வலி மாத்திரையோ என்றால் கண்ணின் பாவை ஊசிமுனை போலச் சுருங்கி, இருட்டறையில் வைத்தாலும் விரியாமல் இருக்கும். மூச்சு மந்தமாகும், உட்கார்ந்தபடியே தலை கவிழும். மெத்தாம்பெட்டமைன், கொக்கேன் என்றால் நேர்மாறாகப் பாவை விரிந்து, வியர்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஓயாமல் பேசுவார்.

இன்னொரு எளிய சோதனையும் உண்டு. காலைச் சேர்த்து நின்று, கண்ணை மூடித் தலையைச் சற்றே பின்னால் சாய்த்து, மனத்துக்குள் 30 நொடி கடந்ததும் சொல்லுமாறு கேட்போம். ஊக்க மருந்து எடுத்தவர் பாதி நேரத்திலேயே "முடிந்தது" என்று சொல்லிவிடலாம். மந்தப்படுத்தும் மருந்து எடுத்தவர் நெடுநேரம் கழித்துத்தான் சொல்வார். உடல் ஆடுகிறதா, இமை துடிக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்வோம்.

எனினும் இவற்றில் ஒவ்வொன்றுக்கும் நோய் சார்ந்த வேறு காரணம் இருக்கக்கூடும். பிறவியிலேயே சிலருக்கு விழி வெட்டும். கண்ணழுத்த நோய்க்குப் போடும் சில சொட்டு மருந்துகள் பாவையைச் சுருக்கும். வயலில் பூச்சிமருந்து அடித்துவிட்டு வரும் விவசாயிக்கும், அந்த மருந்தின் நச்சு ஏறியிருந்தால் பாவை சுருங்கும். எனவே மூன்று நான்கு அடையாளங்கள் ஒரே திசையைக் காட்டினால்தான் மருத்துவர் கருத்துச் சொல்ல வேண்டும்.

என் கணவருக்குச் சர்க்கரை நோய் உண்டு, இன்சுலின் போடுகிறார். ஒருநாள் மாலை இருசக்கர வாகனத்தில் வரும்போது மயக்கமாகி ஓரமாக நின்றிருக்கிறார். பேச்சு குழறியதைக் கண்ட காவலர் போதை என்று நினைத்துவிட்டார். நல்ல வேளையாக அங்கிருந்த மருந்துக்கடைக்காரர் அவரை அறிந்தவர். இப்படி மறுபடியும் நடந்தால் என்ன செய்வது, ஐயா?
*இல்லத்தரசி, மதுரை*

அம்மா, இந்தக் கடிதங்களிலேயே எனக்கு மிகுந்த கவலை தந்தது உங்களுடையதுதான்.

இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும்போது கை நடுங்கி வியர்க்கும். இன்னும் இறங்கினால் பேச்சு குழறும், கேட்ட கேள்விக்குப் பொருத்தமில்லாத பதில் வரும், சிலர் கோபப்பட்டுக் கையைக்கூட ஓங்குவார்கள். பார்ப்பவருக்கு இது அப்படியே போதைதான். சர்க்கரை மிகவும் ஏறி உடல் அமிலமானால், மூச்சில் பழ வாடை போன்ற ஒன்று வரும். அதை மது வாடை என்று எண்ணுபவர்களும் உண்டு. வலிப்பு வந்து ஓய்ந்த சில நிமிடங்கள், பக்கவாதத்தின் தொடக்கம், எல்லாவற்றுக்கும் மேலாகத் தலைக்காயம் ஆகியவையும் இதே தோற்றத்தைத் தரும்.

தலைக்காயத்தைப் பற்றி அழுத்திச் சொல்கிறேன். வண்டியிலிருந்து விழுந்தவர் போதையும் எடுத்திருக்கலாம், மண்டைக்குள் இரத்தக்கசிவும் இருக்கலாம். "போதை தெளியட்டும்" என்று நிலைய பெஞ்சில் படுக்கவைத்தால், விடியும்போது எழுப்ப முடியாமல் போகலாம். இரு பாவைகளும் ஒரே அளவில் இல்லாமல் ஒன்று மட்டும் விரிந்திருந்தால் அது போதையின் அடையாளம் என்று கொள்ளக் கூடாது. உடனே மூளையைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டிய அவசரம் அது. விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. தடுமாற்றத்தோடு கொண்டுவரப்படும் எவருக்கும் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும் என்று என்னிடம் பயின்ற இளம் மருத்துவர்களிடம் ஓயாமல் சொல்லி வந்தேன், இன்றும் சொல்கிறேன்.

உங்கள் கணவரின் சட்டைப்பையில் நோயின் பெயர், எடுக்கும் மருந்து, உங்கள் கைப்பேசி எண் ஆகியவற்றைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிய அட்டை ஒன்று எப்போதும் இருக்கட்டும். ஓட்டுநர் உரிமத்தோடு சேர்த்து வைத்தால் காவலர் உரிமம் கேட்கும்போதே அது கைக்கு வரும். வண்டிப் பெட்டியில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பாடு தள்ளிப்போகும் நாளில் அவர் வண்டியைத் தொடவே வேண்டாம். கைது நேர்ந்துவிட்டால், உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டியது காவல்துறையின் சட்டப்படியான கடமை. நீங்கள் உடனே போய் நோயைச் சொல்லுங்கள், மருத்துவர் குறிப்பில் அது பதிவாகிறதா என்றும் பாருங்கள்.

என் நண்பன் சனிக்கிழமை இரவு கஞ்சா புகைத்தான். செவ்வாய்க்கிழமை காலை சாலைச் சோதனையில் சந்தேகப்பட்டுச் சிறுநீர் எடுத்தார்கள். கஞ்சா இருப்பதாக வந்துவிட்டது. அவன் தெளிவாகத்தான் ஓட்டினான். அவனுக்குத் தண்டனை உண்டா?
*மாணவர், கோயம்புத்தூர்*

கஞ்சாவின் போதை சில மணி நேரத்தில் இறங்கிவிடும். ஆனால் அதை உடல் சிதைத்து உண்டாக்கும் கழிவுப்பொருள், எப்போதாவது புகைப்பவரின் சிறுநீரில் சில நாட்களும், நாள்தோறும் புகைப்பவரின் சிறுநீரில் சில வாரங்களும் தங்கும். ஆகவே சிறுநீர் முடிவு, "முன்பு எப்போதோ உட்கொண்டிருக்கிறார்" என்று மட்டுமே சொல்லும்; செவ்வாய்க்கிழமை காலை அவர் கைகளால் வண்டியைக் கட்டுப்படுத்த முடியவில்லை என்று சொல்லாது. பிரிவு 185-க்கு வேண்டியது இரண்டாவது. மருத்துவரின் குறிப்பில் நடை, பேச்சு, கண், நாடி எல்லாம் இயல்பு என்று இருக்குமானால், சிறுநீர் அறிக்கையை மட்டும் கொண்டு அந்தக் குற்றத்தை மெய்ப்பிப்பது கடினம்.

ஆனால் உங்கள் நண்பர் இதோடு நிம்மதியடைய வேண்டாம். போதைப்பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம், 1985-இன் பிரிவு 27-இன்படி உட்கொள்வதே தனிக் குற்றம். கஞ்சாவுக்கு ஆறு மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். வண்டி ஓட்டினாரா இல்லையா என்பது அங்கே பொருட்டே அல்ல.

இரத்த அளவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். மதுவுக்கு இரத்த அளவும் தடுமாற்றமும் ஓரளவு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன. கஞ்சாவுக்கு அப்படி இல்லை. புகைத்த சில நிமிடங்களில் இரத்தத்தில் உச்சத்துக்குப் போகும் அளவு விரைவாகச் சரிந்துவிடும். தடுமாற்றமோ அதற்குப் பிறகும் நீடிக்கும். மருத்துவமனையில் இரத்தம் எடுக்கத் தாமதமாகும் ஒவ்வொரு அரைமணியும் சான்றைக் கரைக்கிறது. இதனால்தான் முதலில் பார்த்த காவலர் எழுதும் குறிப்புக்கு இவ்வளவு மதிப்பு.

கேரளத்தில் உமிழ்நீரை வைத்தே சாலையில் கண்டுபிடிக்கிறார்களாமே? வெளிநாடுகளில் எப்படி?
*வணிகர், நாகர்கோவில்*

கேரளக் காவல்துறை 2022-இல் ஆல்கோ ஸ்கேன் என்ற பெயரில் ஒரு வேனை இறக்கியது. உமிழ்நீரை அதிலேயே சோதிக்கலாம். உமிழ்நீர்ச் சோதனையின் சிறப்பு, அது பெரும்பாலும் அண்மைய சில மணி நேரப் பயன்பாட்டைக் காட்டுவது. உலகிலேயே முதன்முதலாக, சந்தேகம் இல்லாமலே எவரையும் நிறுத்தி உமிழ்நீர் சோதிக்கும் முறையை 2004 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் தொடங்கியது. இங்கிலாந்தும் வேல்ஸும் 2015 மார்ச் 2 முதல் குறிப்பிட்ட சில போதைப்பொருள்களுக்கும் மருந்துகளுக்கும் இரத்த அளவு நிர்ணயித்துச் சட்டத்தை நடைமுறைப்படுத்தின. கஞ்சாவின் போதைப்பொருளுக்கு லிட்டருக்கு 2 மைக்ரோகிராம், கொக்கேனுக்கு 10 மைக்ரோகிராம் என்று வைத்தார்கள். மருத்துவரே எழுதித்தரும் டயசிபாம் என்ற மயக்கம் தரும் மாத்திரைக்கு 550 மைக்ரோகிராம். தடைசெய்யப்பட்டவற்றுக்கு ஏறத்தாழப் பூஜ்யம், மருந்துகளுக்கு ஆபத்தை ஒட்டிய அளவு என்பது அவர்கள் கொள்கை.

நம் சட்டத்தில் அத்தகைய எண் இல்லாததால், உமிழ்நீர்க் கருவி காட்டும் கோடு சந்தேகத்தை உறுதிப்படுத்தி மருத்துவரிடம் அழைத்துச் செல்ல உதவுமே தவிர, அதுவே தீர்ப்பாகிவிடாது. ஆய்வக உறுதிச் சோதனை தேவை. கருவிகள் எல்லா மாவட்டங்களுக்கும் வர வேண்டும் என்பதே என் விருப்பம். ஆனால் கருவி வாங்குவதற்கு முன், இரவுப் பணியில் இருக்கும் காவலருக்கு ஒரு பக்கக் குறிப்புப் படிவம் அச்சிட்டுக் கொடுத்தாலே பாதி வழக்குகள் நேராகும்.

சளிக்கும் தூக்கத்துக்கும் மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரை சாப்பிட்டு ஓட்டினாலும் குற்றமா?
*ஓய்வுபெற்ற அரசு ஊழியர், திருச்சி*

குற்றமாகலாம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், பிரிவு 185-இல் "போதைப்பொருள்" என்பது மது அல்லாத, இயற்கையான அல்லது செயற்கையான எந்த மயக்கப் பொருளையும் குறிக்கும் வகையில் விரிந்திருக்கிறது. அல்பிரசோலம், டயசிபாம் போன்றவை மனமயக்கப் பொருள்கள் பட்டியலில் இருப்பவை. மருந்துச்சீட்டு இருந்தால் அவற்றை வைத்திருப்பது குற்றமாகாது. ஆனால் அவற்றின் மயக்கத்தில் வண்டியைக் கட்டுப்படுத்த முடியாமல் போனால் சீட்டு உங்களைக் காப்பாற்றும் என்று பிரிவு 185-இல் எங்கும் எழுதப்படவில்லை. சளிக்குக் கொடுக்கும் குளோர்பெனிரமைன் மாத்திரையே பலருக்கு நல்ல தூக்கத்தைத் தரும். அறுபதைக் கடந்தவர்களுக்கு இரவில் எடுத்த தூக்க மாத்திரையின் மந்தம் மறுநாள் காலை வரை இருப்பதும் உண்டு. புதிய மாத்திரை தொடங்கிய முதல் சில நாட்களாவது வண்டி ஓட்டாமல், உடல் எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள்.

இரத்தம் கொடுக்க மாட்டேன் என்று மறுக்கலாமா? எனக்கு எதிராக நானே சாட்சி சொல்லக் கூடாது என்று அரசியலமைப்புச் சொல்கிறதே?
*சட்டக் கல்லூரி மாணவி, சென்னை*

அரசியலமைப்பின் 20(3) தடுப்பது, ஒருவர் தம் அறிவிலிருந்து தமக்கு எதிராகச் சாட்சியம் தரக் கட்டாயப்படுத்துவதை. உடலிலிருந்து எடுக்கும் மாதிரி அதில் அடங்காது என்ற நிலைப்பாட்டுக்கு 1961-இன் காதி காலு ஓகாட் வழக்கின் தீர்ப்பு அடித்தளமிட்டது. உண்மை கண்டறியும் நார்கோ சோதனையைக் கட்டாயமாகச் செய்யக் கூடாது என்று 2010-இல் செல்வி வழக்கில் சொன்ன உச்ச நீதிமன்றமும், இரத்தம் போன்ற மாதிரிகளை அதிலிருந்து பிரித்தே பார்த்தது. மேலும், தக்க காரணமின்றி மூச்சுச் சோதனைக்கோ இரத்தத்துக்கோ மறுத்தால், அந்த மறுப்பையே அரசுத் தரப்புக்கு வலுச்சேர்க்கும் சூழ்நிலையாக நீதிமன்றம் கொள்ளலாம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 205.

ஆனால் எடுக்கும் முறையில் உங்களுக்கு உரிமைகள் உண்டு. பிரிவு 204-இன் கீழ் ஒரு பெண்ணிடம் ஆண் மருத்துவர் இரத்தம் எடுப்பதானால் மற்றொரு பெண் உடனிருக்க வேண்டும். ஊசி போடும் இடத்தை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் ஆல்கஹால் முடிவு கெட்டுவிடும்; வேறு கிருமிநாசினியால் துடைக்கச் சொல்லலாம். இரத்தம் சோடியம் ஃபுளோரைடு போட்ட குப்பியில் சேர்க்கப்பட்டு, உங்கள் கண்முன்னே பெயர்ச்சீட்டு ஒட்டி அரக்கு முத்திரை வைக்கப்பட வேண்டும். குப்பி பல நாள் குளிர்பெட்டிக்கு வெளியே கிடந்து ஆய்வகம் போய்ச் சேர்ந்தால், அந்த அறிக்கையை உங்கள் தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் எளிதில் உடைத்துவிடுவார்.

பிடிபட்டால் தண்டனை என்ன? வண்டியை யார் எடுத்துப் போவது?
*தனியார் நிறுவன ஊழியர், சேலம்*

முதல் முறை ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும்; மறுமுறை இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 15,000 ரூபாய் அல்லது இரண்டும். பிணையில் விடத்தக்க குற்றம் இது. ஆனால் சாலையில் காவலரிடம் பணம் கட்டிச் சமரசமாக முடித்துக்கொள்ளும் குற்றங்களின் பட்டியலில் இது இல்லை. நீதிமன்றம்தான் முடிவு செய்யும். உரிமத்தைக் காவலர் கைப்பற்றி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அனுப்பலாம். மதுவிலோ போதைப்பொருளிலோ ஓட்டியவரின் உரிமத்தைக் குறைந்தது 3 மாதம் நிறுத்திவைக்குமாறு உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015-இலேயே மாநிலங்களை அறிவுறுத்தியது. விபத்தில் உயிர் போனால் கதையே வேறு. மும்பையில் 2006-இல் மது அருந்தி ஓட்டி, நடைபாதையில் உறங்கிய ஏழு பேர் உயிரிழக்கக் காரணமானவர் மீது, வெறும் கவனக்குறைவு என்று விடாமல், கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்தை 2012-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

வண்டியைப் பத்திரப்படுத்த ஏற்பாடு செய்யும் பொறுப்பு, கைது செய்யும் காவலருடையது. உரிமம் உள்ள, தெளிவான நிலையில் உள்ள ஒருவர் வந்தால் அவரிடம் ஒப்படைக்கலாம். தெலங்கானா உயர் நீதிமன்றம் 2021-இல் மது வழக்குகளில் இதை வலியுறுத்தியிருக்கிறது. அந்தத் தீர்ப்பு நம் மாநிலத்தைக் கட்டுப்படுத்தாது என்றாலும் எடுத்துக்காட்டிக் கேட்கலாம். வண்டிக்குள் போதைப்பொருளே கிடைத்துவிட்டால் வண்டியும் பறிமுதலுக்கு உள்ளாகும்.

என் அண்ணன் பள்ளி வேன் ஓட்டுகிறான். கொஞ்ச நாளாக மாத்திரைப் பழக்கம் இருப்பது எங்களுக்குத் தெரிந்துவிட்டது. போலீஸில் சொன்னால் அவன் வாழ்க்கை போய்விடுமே என்று அம்மா அழுகிறார்கள். சொல்லாமல் இருக்கவும் பயமாக இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?
*பெயர் வெளியிட விரும்பாத வாசகி*

தங்கையே, நாளைக் காலை அவர் அந்த வேனை எடுக்கக் கூடாது. அதை முதலில் செய்யுங்கள். காய்ச்சல் என்று சொல்லியாவது விடுப்பு எடுக்க வையுங்கள். அவர் கேட்கவில்லை என்றால் பள்ளி நிர்வாகத்திடம் நேரில் சொல்லுங்கள். தயங்காதீர்கள், அந்த வேனில் ஏறும் பிள்ளைகளின் தாய்மார்களும் உங்கள் அம்மாவைப் போன்றவர்களே.

அடுத்து, சிகிச்சை. போதைப்பொருள் சட்டத்தின் பிரிவு 64ஏ உங்கள் குடும்பத்துக்காகவே எழுதப்பட்டது போன்றது. பழக்கத்துக்கு அடிமையான ஒருவர் தாமாக முன்வந்து, அரசு நடத்தும் அல்லது அரசு ஏற்பளித்த மையத்தில் சிகிச்சை பெற்றால், உட்கொண்ட குற்றத்துக்கும் சிறிய அளவு வைத்திருந்த குற்றத்துக்கும் அவர்மீது வழக்கு நடத்தப்படாது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் மட்டுமே இந்தப் பாதுகாப்பு விலக்கிக்கொள்ளப்படலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. 14446 என்ற கட்டணமில்லாத தேசிய எண்ணில் அழைத்தால் அருகிலுள்ள மையத்தைச் சொல்வார்கள். மாத்திரையைத் திடீரென்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சில தூக்க மாத்திரைகளைச் சட்டென்று விட்டால் வலிப்பு வரும். மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அவர் என்ன மாத்திரை எடுக்கிறார் என்பதற்கு வெற்று அட்டை ஒன்று கிடைத்தாலும் எடுத்துக்கொண்டு போங்கள். அதைப் பார்த்தால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். சிகிச்சை முடிந்து, ஓட்டத் தகுதியானவர் என்று மருத்துவர் எழுதித் தந்த பிறகு அவர் மீண்டும் வேலைக்குப் போகலாம்.